சாவி கொடுத்த கேமரா

1916 ஜூலை 1, காலை 7.19. பிரான்சில், சோம் போர்முனையில் முக்காலியை ஊன்றி நிற்கிறார் ஜெஃப்ரி மாலின்ஸ். எதிரே ஹாத்தார்ன் மேடு. அதன் அடிவயிற்றில் பிரிட்டிஷ் படை சுரங்கம் தோண்டிச் சுமார் 18 டன் வெடிமருந்தைத் திணித்து வைத்திருக்கிறது. 7.20க்கு அது வெடிக்கவேண்டும். அதைப் படம் பிடிப்பதுதான் மாலின்ஸுக்கு இட்ட வேலை. முன்கூட்டியே கேமராவின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கிவிட்டார். மேடு அசையவில்லை. வினாடிகள் ஓடுகின்றன, பெட்டிக்குள் படச்சுருளும் ஓடுகிறது. வெடிக்கும் முன்பே சுருள் தீர்ந்துபோனால் என்ன செய்வது? நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம் என்றால், நிறுத்திய கணத்தில் வெடித்துவிட்டால்? கை ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகத் தரை குலுங்கியது. மண்ணும் புகையும் வானுக்கு எழுந்தன. தடுமாறிய முக்காலியைப் பிடித்துக்கொண்டபோதும் அவர் சுற்றுவதை விடவில்லை. அந்த ஆண்டே வெளிவந்த ‘த பேட்டில் ஆஃப் த சோம்’ படத்தில் அந்த வெடிப்பு இன்றும் இருக்கிறது.

அவர் சுற்றியது லண்டனில் செய்த மோய் அண்ட் பாஸ்டி கேமரா. மரப்பெட்டி, உள்ளே பல்சக்கரங்கள், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மின்கலம் கிடையாது, மோட்டார் கிடையாது. கேமராவை ஓட்டும் விசை முழுவதும் ஒரு மனிதனின் மணிக்கட்டிலிருந்து வந்தது. சினிமாவின் முதல் கால் நூற்றாண்டை ஓட்டியது பெரும்பாலும் இந்த மணிக்கட்டுதான். அதை எப்படி விடுவிப்பது என்ற கேள்விக்குப் பிரிட்டிஷ் கருவிக்காரர்கள் சிலர் வாழ்நாளைக் கொடுத்துப் பதில் தேடினார்கள். அந்தத் தேடலின் உச்சமாக வந்தது நியூமன்-சின்க்ளேர் நிறுவனத்தின் ‘ஆட்டோ கைன்’ என்ற சாவி கொடுத்து ஓட்டும் 35 மி.மீ. கேமரா.

கைப்பிடிக் கேமராவைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. ஒரு சுற்றுக்கு 8 சட்டகம், வினாடிக்கு இரண்டு சுற்று, ஆக வினாடிக்கு 16 சட்டகம். இதுதான் அன்றைய பொதுக்கணக்கு. ஓர் அடிப் படச்சுருளில் 16 சட்டகம் என்பதால் வினாடிக்குச் சரியாக ஓர் அடி ஓடும். ஆனால் கைப்பிடி நின்று நிதானித்தும் சுற்றும், பின்னோக்கியும் சுற்றும். இந்த வசதியை நம் நாட்டில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர் தாதாசாகேப் பால்கே. 1912இல் லண்டனுக்குப் போய் வில்லியம்சன் நிறுவனத்தின் கேமராவையும், துளையில்லாமல் வந்த படச்சுருளில் ஓரத்துளை போடும் கருவியையும் வாங்கிவந்தார். ஊர் திரும்பியதும் அவர் செய்த முதல் சோதனைகளில் ஒன்று, தொட்டியில் ஊன்றிய பட்டாணி முளைத்துக் கொடியாவதைப் பல நாட்கள் சட்டகம் சட்டகமாகப் பதிவுசெய்தது. இடைவெளிவிட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு சட்டகம் என்று நகர்த்தக் கைப்பிடியைவிடத் தோதான பொறி அன்று இல்லை. படச்சுருளில் துளை போடுவதையும் கழுவுவதையும் அவர் மனைவி சரஸ்வதிபாய் கற்றுக்கொண்டார். மறு ஆண்டு ‘ராஜா ஹரிச்சந்திரா’ வந்தது.

சென்னைக்கும் இதே வில்லியம்சன்தான் வந்து சேர்ந்தது. மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார், ஸ்டுவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா பழகி, ஒரு வில்லியம்சன் கேமராவை வாங்கிப் புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்புத் தளம் அமைத்தார். 1917-18 வாக்கில் உருவான ‘கீசக வதம்’ தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதன் ஒளிப்பதிவாளரும் முதலியாரே. வெயிலை வெள்ளைத் துணி கட்டி மட்டுப்படுத்தி, அந்த வெளிச்சத்தில் நின்று வினாடிக்கு இரண்டு சுற்று என்று அவர் சுற்றியிருக்கிறார். தமிழ்ச் சினிமாவின் முதல் தாளம் ஒரு பிரிட்டிஷ் கைப்பிடியில் போடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

தாளம் என்பது இங்கே வெறும் உவமை இல்லை. சுற்றும் வேகம் சற்றுக் கூடினால் திரையில் நடிகர் தவங்குவார், குறைந்தால் துள்ளுவார். வேகத்தோடு வெளிச்சமும் மாறும். 16 சட்டக வேகத்தில், பாதி திறந்த ஷட்டர் வழியே ஒவ்வொரு சட்டகத்துக்கும் கிடைப்பது வினாடியில் 32இல் ஒரு பங்கு. மெதுவாகச் சுற்றினால் அது நீண்டு படம் வெளிறும். அதனால் ஒளிப்பதிவாளர்கள் வாய்க்குள் ஒரு நடைப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றினார்கள். பக்கவாட்டில் கேமராவைத் திருப்ப முக்காலியின் தலையில் இன்னொரு கைப்பிடி இருக்கும், அது இடக்கைக்கு. வலக்கை ஒரு வேகம், இடக்கை இன்னொரு வேகம். இரண்டு கையும் இப்படிப் பூட்டப்பட்ட பிறகு ஓடும் மானைத் தொடர்வது எப்படி? படகில் ஏறுவது எப்படி? கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவது எப்படி? முக்காலியை விட்டு இறங்க வழியே இல்லை.

முதல் துணிச்சலான பதில் காற்றிலிருந்து வந்தது. வார்சாவில் பிறந்த போலந்துக்காரர் கசிமியெஷ் புரூஷின்ஸ்கி வடிவமைத்த ‘ஏரோஸ்கோப்’ கேமரா அழுத்தப்பட்ட காற்றால் ஓடியது. சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோலக் கைப்பம்பால் உள்ளேயிருக்கும் உருளைகளில் காற்றை ஏற்றிக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தினால் அந்தக் காற்று ஒரு சிறு எஞ்சினைத் தள்ள, படச்சுருள் ஓடும். கையில் பிடிக்கும்போது ஆட்டம் தெரியாமலிருக்கச் சுழலும் கைரோஸ்கோப் ஒன்றையும் உள்ளே வைத்தார். இதைப் பிரிட்டனில் முதலில் தயாரித்தவர்கள் நியூமனும் சின்க்ளேரும்தான். காட்டுயிர்ப் படக்காரர் செரி கியர்ட்டன் இதைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்காவில் அலைந்தார், பின்னர் அவர் பெயரிலேயே இயங்கிய நிறுவனம் இதைத் தயாரித்தது. போர்முனையில் மாலின்ஸ் கையிலும், மோய் கேமராவோடு கூட, ஓர் ஏரோஸ்கோப் இருந்தது.

அற்புதமான எண்ணம். ஆனால் காற்று கசியும். வால்வுகள் பல, பழுதுகளும் பல. நடுக்காட்டில் பழுதானால் சரிபார்க்க அந்தப் பொறியை அறிந்த கை வேண்டும். கேமராவைக் கைக்குக் கொண்டுவந்த பெருமை புரூஷின்ஸ்கிக்கே உரியது. அவருக்குச் சினிமா வரலாறு இன்னும் கடன்பட்டிருக்கிறது. அவர் 1945இல் மவுத்ஹவுசன் நாஜி வதைமுகாமில் இறந்தார்.

ஆர்தர் சாமுவேல் நியூமனின் கதை வேறு தடத்தில் போனது. 1892இல் ஹூலியோ கார்டியாவுடன் சேர்ந்து நியூமன் அண்ட் கார்டியா என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். அவர்களுடைய புகைப்படக் கேமராக்களில் ஷட்டரின் வேகத்தை ஒரு சிறு காற்றுருளை கட்டுப்படுத்தியது. வில் இழுக்கும், உருளைக்குள் அடைபட்ட காற்று தடுக்கும், இரண்டுக்கும் நடுவில் வேகம் சீராகும். இழுக்கும் விசையைவிட அதைத் தடுத்து ஆளும் விசைதான் முக்கியம் என்ற பாடம் நியூமனின் கைக்கு அப்போதே பழகிவிட்டது. பிறகு அந்த நிறுவனத்தை விட்டு விலகி, லண்டனில் புகைப்படக் கருவிக் கடை நடத்திய ஜேம்ஸ் சின்க்ளேருடன் கைகோத்தார். ஒருவர் பட்டறை மனிதர், இன்னொருவர் ஒளிப்பதிவாளர்களின் தேவையைத் தினமும் காதால் கேட்டவர். இப்படிப்பட்ட கூட்டு அமைவது அரிது.

அவர்களுடைய கருவிகள் முதலில் சோதிக்கப்பட்டது குளிரில். கேப்டன் ஸ்காட்டின் அண்டார்க்டிகாப் பயணத்தில் 1910இல் சேர்ந்த ஹெர்பர்ட் பாண்டிங் இரண்டு சினிமாக் கேமராக்களைக் கொண்டுபோனார். ஒன்று பிரெஸ்ட்விச், மற்றது நியூமன்-சின்க்ளேர். (பிரெஸ்ட்விச் என்ற பெயர் பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்குத் தெரிந்திருக்கும், ஜேஏபி எஞ்சின்களைச் செய்த அதே ஜான் ஆல்ஃபிரெட் பிரெஸ்ட்விச்தான் கேமராவும் செய்தார்.) பனிக்கண்டத்தில் எண்ணெய் உறைந்து பிசினாகிப் பல்சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும் என்பதால் கேமராவின் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுப் பென்சில் கரியான கிராஃபைட்டைத் தடவிக்கொண்டார்கள். ஒருநாள் பாண்டிங் உருவத்தைக் கூர்மைப்படுத்திக்கொண்டிருந்தவர், உதட்டை ஈரப்படுத்த நாக்கை நீட்டினார். நுனி கேமராவின் உலோகத்தில் பட்டது, பட்ட நொடியே ஒட்டி உறைந்தது. வெடுக்கென்று இழுத்துத்தான் விடுவிக்க முடிந்தது. நாக்கு நுனியின் தோல் கேமராவிலேயே தங்கிவிட்டது.

எவரெஸ்டில் ஒளிப்பதிவாளர் ஜான் நோயல் இந்த அனுபவத்தின் மேல் ஏறி நின்றார். 1922ஆம் ஆண்டுப் பயணத்துக்கும் 1924ஆம் ஆண்டுப் பயணத்துக்கும் அவர் கொண்டுபோனவை நியூமன்-சின்க்ளேர் கேமராக்களே. முதல் பயணத்தில் முகாமிலேயே கூடாரம் கட்டிப் படச்சுருளைக் கழுவினார். உலர்த்துவதற்கு அங்கே கிடைத்த ஒரே எரிபொருள் யாக் மாட்டின் சாணம். 1924இல் சுருள்களைக் கீழே டார்ஜிலிங்குக்கு அனுப்பி, அங்கே அமைத்த கூடத்தில் கழுவச் செய்தார். அந்தப் பயணத்தில் 20 அங்குல டெலிஃபோட்டோ லென்ஸைப் பூட்டி, மைல்கணக்கான தூரத்தில் பனிச்சரிவில் எறும்பாய் ஊரும் மனிதர்களைப் பிடித்தார். மலையேறிகள் மலோரியும் இர்வினும் திரும்பிவராத பயணம் அது. அந்த உயரத்தில் ஒரு பவுண்டு எடை கூடினாலும் அதைச் சுமக்க ஒருவர் மூச்சு வாங்கவேண்டும். அதனால்தான் நியூமன் மரத்தையும் பித்தளையையும் விட்டு டியூராலுமினுக்கு மாறினார் என்பது புரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம் கண்டறிந்த உலோகக்கலவை அது. அலுமினியத்தோடு கொஞ்சம் செம்பு சேரும்; சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தபின் நாள்பட நாள்பட உறுதி ஏறும்; ஆகாயக்கப்பல்களின் எலும்புக்கூடு அதில்தான் ஆனது.

இப்போது ஆட்டோ கைனைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பார்வைக்கு ஒரு சதுரப் பெட்டி. உருண்டை, வளைவு, அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் டியூராலுமின் தகட்டின் மேல் முழுக்க முழுக்கச் சிறு வட்டங்கள், ஒன்றின் விளிம்பை ஒன்று மூடியபடி, மீன்செதில்போல வரிசைவரிசையாக அரைத்து இழைத்திருக்கும். சுழலும் முனையால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டுப் பட்டறையில் போட்ட கோலம் அது. வெளிச்சத்தில் திருப்பினால் பட்டுத்துணிபோல நிறம் ஓடும். கீறல் விழுந்தாலும் அந்தக் கோலத்தில் மறைந்துவிடும். சினிமாக் கருவி சேகரிப்போர் இந்தத் தகட்டைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பார்கள்.

உள்ளே 200 அடிப் படச்சுருள். ஓட்டுவதற்கு இரண்டு சுருள்வில். சுவர்க்கடிகாரத்துக்கும் கிராமபோனுக்கும் நம் வீடுகளில் சாவி கொடுத்தார்களே, அதே வேலைதான். ஆனால் சுமையை எண்ணிப் பார்க்கவேண்டும். கடிகாரம் ஒரு மெல்லிய முள்ளைத் தள்ளுகிறது. கேமராவோ படச்சுருளை ஓடவிடவும் வேண்டும், ஒவ்வொரு சட்டகத்திலும் முழுதாக நிறுத்தவும் வேண்டும். நகம்போன்ற ஒரு கொக்கி ஓரத்துளைக்குள் நுழைந்து, சுருளை ஒரு சட்டகம் கீழே இழுத்து, வெளியே வந்து, மேலே ஏறி, மறுபடியும் நுழையும். சுருள் அசையாமல் நிற்கும் அந்த இமைப்பொழுதில் ஷட்டர் திறந்து மூடும். வினாடிக்கு 16 தடவை, பேசும்படம் வந்தபிறகு 24 தடவை. 200 அடிக்கு மொத்தம் 3,200 இழுப்பு. ஒரே ஒரு சாவியில் இந்த 3,200 இழுப்பையும் ஆட்டோ கைன் முடித்துவிடும். அதுதான் அதன் சாதனை.

சுருள்வில்லின் குணம் எல்லோருக்கும் தெரிந்ததே. முழுதும் முறுக்கேறியிருக்கும்போது திமிறும், தளரத் தளரச் சோரும். கிராமபோனில் சாவி இறங்கும்போது பாட்டு இழுபடுமே, அந்தச் சோர்வு கேமராவில் வரவே கூடாது. முதல் சட்டகமும் 3,200ஆவது சட்டகமும் ஒரே நேரம் ஒளி பெறவேண்டும். இதற்குத்தான் வில்லைத் தேவைக்கு மேல் வலுவாக வைத்து, மிஞ்சிய வலுவைக் கவர்னர் என்ற வேகக்காவலன் தின்றுவிடும்படி செய்வார்கள். சுழலும் அச்சில் சிறு எடைகள் தொங்கும். வேகம் கூடினால் அவை ராட்டினத்து இருக்கைகள்போல வெளியே விரிந்து, ஒரு தடையை அழுத்தி வேகத்தை இறக்கும். வேகம் குறைந்தால் உள்ளே ஒடுங்கித் தடையை விடும். கார்டியாவோடு இருந்த நாட்களில் ஷட்டரைக் காற்றால் அடக்கியாண்ட நியூமனின் அதே சிந்தனைதான் இது.

இதே காலத்தில் அமெரிக்காவின் பெல் அண்ட் ஹவல் ‘ஐமோ’ கேமராவும் வந்தது. 1925இல் வெளியான அதுவும் சாவி கொடுக்கும் வகையே. சிறியது, ஒரு கையில் அடங்குவது, செய்திப்பட ஆட்களின் செல்லம். ஆனால் அதன் வயிற்றில் 100 அடிச் சுருள்தான், ஒரு சாவியில் அந்த 100 அடியும் ஓடாது. பாதியில் நிறுத்தி மறுபடி முறுக்கவேண்டும். தெருச்சண்டையையோ தீவிபத்தையோ பிடிக்க ஐமோ போதும். ஒரு மனிதர் தன் வேலையைத் தொடங்கி முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்திருக்க விரும்புகிறவருக்கு ஆட்டோ கைன்தான் கேமரா. அது கனமானது, விலையும் அதிகம். இருந்தும் பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கம் அதைத் தூக்கித் திரிந்ததற்குக் காரணம் அந்த நீண்ட மூச்சுதான்.

ராபர்ட் ஃபிளாஹர்டியின் வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டாலே கேமரா விசையின் வரலாறு முழுதும் அதில் அடங்கிவிடுகிறது. 1922இல் வந்த ‘நனூக் ஆஃப் த நார்த்’ படத்தை அவர் கைப்பிடி சுற்றும் ஏக்லி கேமராவால் எடுத்தார். 1934இல் வந்த ‘மேன் ஆஃப் ஆரன்’ படத்துக்கு அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஆரன் தீவுகளுக்கு நியூமன்-சின்க்ளேரோடு போனார். புயல் நேரத்தில் பாறை விளிம்பில் நின்று எடுக்கவேண்டும், தோல்படகுபோன்ற மெல்லிய ‘கரக்’ படகுகள் பேரலையில் ஏறி இறங்குவதைத் தொடரவேண்டும். உப்புத்தண்ணீர் தெறிக்கும் இடத்தில் ஈயமும் அமிலமுமான மின்கலத்தைச் சுமந்து நிற்பது எவருக்கும் கட்டுப்படியாகாது. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே நீண்ட லென்ஸால் அலையைத் தொடரவும் முடியாது. சாவி கொடுத்துவிட்டால் இரண்டு கையும் கேமராவைத் திருப்ப மட்டுமே. அந்தப் படத்தின் புயற்காட்சிகளில் கேமரா அலையோடு மூச்சுவிடுவதுபோல நகர்வதற்கு இந்த விடுதலையும் ஒரு காரணம் என்றே சொல்லவேண்டும். (படத்தில் வரும் சுறா வேட்டை அத்தீவினர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிட்ட தொழில். படத்துக்காக அவர்கள் அதைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. இது பற்றி ஃபிளாஹர்டி மேல் எழுந்த விமர்சனம் நியாயமானது.)

விடுதலைக்கு ஒரு விலை இருந்தது. வினாடிக்கு 24 சட்டகம் ஓட்டினால் 200 அடி 2 நிமிடம் 13 வினாடியில் தீரும். அதற்குமேல் ஒரு ஷாட் நீளவே நீளாது. இன்னொன்று சத்தம். பல்சக்கரம், கொக்கி, கவர்னர் எல்லாம் சேர்ந்து எழுப்பும் ஓசை ஒலிவாங்கியில் ஏறிவிடும். சுருள்வில் எத்தனை சீராக ஓடினாலும் ஒலிப்பதிவுக் கருவியோடு நூல் பிசகாமல் இணைந்து ஓடுவதற்கு அது போதாது. அதனால் ‘மேன் ஆஃப் ஆரன்’ ஊமையாகவே எடுக்கப்பட்டது. தீவினரைப் பிறகு லண்டனுக்கு அழைத்துவந்து குரல்களைப் பதிவுசெய்து ஒட்டினார்கள். அந்தப் படத்தில் பேச்சு அரைகுறையாக, காற்றில் கலைந்து வருவதுபோலக் கேட்பதும், பேச்சைவிடக் கடலே ஓங்கி ஒலிப்பதும் கலைத்தேர்வு மட்டுமே என்று எழுதுகிறவர்கள் கேமராவைக் கவனிக்க மறந்தவர்கள். கருவியின் எல்லை அந்தப் படத்தின் நடையையும் தீர்மானித்தது.

மூன்றாவது குறை பார்வையில் இருந்தது. ஆட்டோ கைனில் ஒளிப்பதிவாளர் பார்ப்பது படமெடுக்கும் லென்ஸ் வழியே கிடையாது, தனியாக வைத்த பார்வைக்கருவி வழியே. தொலைவிலுள்ள மலைக்கு இது பாதகமில்லை. நாலு அடி தூரத்தில் ஒருவர் முகத்தை எடுக்கும்போது கண் காண்பதும் படச்சுருள் காண்பதும் ஒன்றாக இராது. லைப்சிக் கண்காட்சியில் 1937இல் ஜெர்மனியின் ஆரிஃபிளெக்ஸ் 35 அறிமுகமானபோது இந்தக் கேள்விக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. அதில் ஷட்டரே கண்ணாடி. அது ஒளியை மறைக்கும் இமைப்பொழுதுகளில் அதே ஒளியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும். லென்ஸ் பார்ப்பதையே கண்ணும் பார்த்தது. ஓட்டுவது மின்மோட்டார். ஃபிளாஹர்டி தன் கடைசிப் பெரிய படமான ‘லூசியானா ஸ்டோரி’யை எடுக்கையில் ரிச்சர்ட் லீகாக் கையில் இருந்தது ஆரிஃபிளெக்ஸ். 1948இல் அந்தப் படம் வந்தபோது சாவி கொடுக்கும் கேமராவின் நல்ல காலம் முடிந்துகொண்டிருந்தது.

ஆனாலும் ஆட்டோ கைன்கள் உடையவில்லை. அலமாரிகளிலும் பழைய பொருள் விற்பவர்களிடமும் கிடந்தன. 1971இல் வெளியான ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ படத்தில் நாயகன் மாடி ஜன்னலிலிருந்து குதிக்கிறான். விழுகிறவன் கண்ணுக்குத் தரை எப்படிப் பாய்ந்து வரும் என்று காட்ட விரும்பினார் ஸ்டான்லி குப்ரிக். வாடகைக்கு எடுத்த விலையுயர்ந்த கேமராவைக் கீழே போட யாரும் விடமாட்டார்கள். 40 பவுண்டு கொடுத்து ஒரு பழைய நியூமன்-சின்க்ளேரை வாங்கினார். சுற்றிலும் ஒன்றரை அடித் தடிமனுக்குப் பாலிஸ்டைரீன் பெட்டி கட்டி, லென்ஸ் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, கூரையிலிருந்து தூக்கிப் போட்டார்கள். லென்ஸ் பக்கம் தரையில் மோதும்படி விழவேண்டும், விழவில்லை. எடுத்துவந்து மறுபடி போட்டார்கள். இப்படி ஆறு முறை. ஆறாவது முறை நேராக லென்ஸ் மேலேயே விழுந்து கண்ணாடி நொறுங்கிப்போனது. டியூராலுமின் பெட்டிக்கும் உள்ளேயிருந்த பொறிக்கும் ஒரு சேதமும் இல்லை. திரையில் அந்தக் காட்சி ஓரிரு வினாடிகளில் முடிந்துவிடுகிறது.